மின்கோபுரம் செய்கிற மகளை என்ன படிக்க வைப்பது?

வணக்கம் ஐயா.

போன வாரம் மகளின் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்க அவளோடு என்னிடம் வந்திருந்தீர்கள். நேரம் போதவில்லை, நீங்கள் கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். "ராத்திரி ஒரு மணி வரைக்கும் கம்ப்யூட்டர் கேமுக்குக் கரண்டுக் கோபுரம் செய்கிறாள், இது எங்கே போய் முடியும்?" என்று கேட்டீர்கள். அவள் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த நிமிடம் பதில் தெரியாது. அவளுடைய லேப்டாப்பை வாங்கி ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்த்த பிறகுதான் ஏதோ பிடிபட்டது. அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

விளையாடுவது வேறு, விளையாட்டுக்குப் பொருள் செய்வது வேறு. அவள் வைத்திருக்கும் சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2015இல் வந்தது. ஃபின்லாந்தின் கொலோசல் ஆர்டர் நிறுவனம் உருவாக்கியது. வெறும் நிலத்தில் சாலை போட்டு, குழாய் பதித்து, மின்சாரம் கொண்டுவந்து ஒரு நகரத்தை வளர்க்க வேண்டும். அதோடு வருகிற மின்கோபுரம் ஒரே மாதிரியானது. பிடிக்காதவர்கள் தாங்களே ஒன்றைச் செய்து சேர்த்துக்கொள்ளலாம், மற்றவர்களுக்கும் கொடுக்கலாம். இதை 'மாட்' என்பார்கள். உங்கள் மகள் கட்டிய நகரத்தைக் காட்டு என்றேன். நாலு தெரு, ஒரு மின் நிலையம், ஒரு மலை. அவ்வளவுதான். கோபுரத்தை நட்டுப் பார்க்க மட்டும் வைத்திருக்கிற ஊர்! விளையாட்டுக்கு அடிமையான பிள்ளையின் நகரம் அப்படி இருக்காது ஐயா. லட்சம் பேரைக் குடியேற்றி, போக்குவரத்து நெரிசலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்.

சரி, அவள் செய்வதில் என்ன வேலை இருக்கிறது? உயர் அழுத்த மின்தடத்தில் நாம் பார்க்கிற கோபுரம் இரும்பு ஆங்கிள்களைக் குறுக்கும் நெடுக்கும் போல்ட் போட்டு முடுக்கிய கூடு. பெரிய தடங்களில் 50 மீட்டர் உயரம்கூட இருக்கும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மாடல் செய்யும் மென்பொருளில் ஒவ்வொரு ஆங்கிளையும் தனித்தனியாகச் செய்தால் பல்லாயிரம் முக்கோணங்கள் ஆகிவிடும். கணினி எந்தப் பொருளையும் முக்கோணங்களாகத்தான் வரைகிறது. ஒரு கோபுரம் என்றால் சமாளிக்கும். ஒரு நகரத்தில் இருநூறு கோபுரம் நின்றால் படம் திக்கும். அதனால் தடித்த கால்களை மட்டும் உண்மையான உருவமாகச் செய்துவிட்டு, நடுவிலுள்ள பின்னலை ஒரு தட்டையான பரப்பில் படமாக ஒட்டி, இரும்பு இல்லாத இடத்தை ஒளி ஊடுருவ விட்டிருக்கிறாள். தூரத்திலிருந்து பார்க்க இன்னும் எளிமையான இரண்டாவது மாடல். எவ்வளவு தள்ளிப் போனால் கண் ஏமாறும் என்று நகர்த்தி நகர்த்திப் பார்த்து அதை வைத்திருக்கிறாள். இதைப் பற்றிப் பேசும்போதுதான் முதல் தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

கம்பி விஷயம் இன்னும் சுவாரசியம். மின்கம்பி நேராகப் போகாது, தொங்கும். எடை சீராக உள்ள சங்கிலியை இரண்டு முனையில் பிடித்தால் வருகிற வளைவு அது. இழுத்துக் கட்டிய கம்பிக்குப் பள்ளியில் படிக்கிற பரவளையமே ஏறக்குறையப் பொருந்தும். இழுவிசை மாறாமல் இருந்தால், கோபுர இடைவெளி இரண்டு மடங்கானால் தொய்வு நான்கு மடங்காகும். வெயிலில் கம்பி நீண்டு இன்னும் இறங்கும். விளையாட்டில் இவை எதையும் கணக்குப் போட வேண்டியதில்லை. கோபுரங்களைத் தள்ளி நட்டால் கம்பி மாடல் ரப்பர் மாதிரி இழுபட்டு இடைவெளியை நிரப்பிக்கொள்ளும், தொய்வு மட்டும் இருந்தபடியே இருக்கும். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. நீளமான இடைவெளிக்கு வேறு மாடல், குறுகலான இடத்துக்கு வேறு மாடல் என்று மூன்று செய்துவைத்திருக்கிறாள். விளையாடுகிறவர்களில் பெரும்பாலோர் கவனிக்கவே மாட்டார்கள். நானே அவள் காட்டிய பிறகுதான் பார்த்தேன்.

அப்புறம் ஒரு கோபுரத்தில், கம்பியின் மின்சாரம் இரும்புக்குப் பாயாமல் தடுக்கிற பீங்கான் தட்டுகளின் சரம் கீழே தொங்காமல் படுக்கைவாட்டில் இருந்தது. தவறிப்போய்த் திருப்பி வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். "இது திருப்பத்தில் நிற்கிற கோபுரம். ரெண்டு பக்கமும் கம்பி இழுக்கும், அதனால் சரம் கம்பியோட நேர்கோட்டில்தான் இருக்கும்" என்றாள். சரியான பதில். நேர்த்தடத்தில் நிற்கும் கோபுரம் கம்பியின் எடையையும் காற்றையும் தாங்கினால் பெரும்பாலும் போதும். தடம் திரும்புகிற இடத்திலும் முடிகிற இடத்திலும் நிற்பது இழுவிசையைத் தாங்க வேண்டும். அதனால்தான் அது பருத்து, கால் அகன்று நிற்கும். தட்டுகளையும் எண்ணித்தான் வைத்திருக்கிறாள். 132 கிலோவோல்ட் தடத்தில் ஒன்பது, பத்து. 400 கிலோவோல்ட் தடத்தில் இருபதுக்கு மேல். எங்கே படித்தாய் என்று கேட்டேன். படிக்கவில்லையாம். புகைப்படத்தைப் பெரிதாக்கி எண்ணினாளாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இப்படிப்பட்ட பிள்ளைகள் வந்தால் நான் "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "எல்லாம் பிடிக்கும்" என்பார்கள், இல்லாவிட்டால் வாயே திறக்க மாட்டார்கள். நான் கேட்பது, எந்தத் தவறு உன்னைத் தூங்க விடவில்லை என்று. கோபுரத்தின் துரு நிறம் சரியாக வரவில்லை, மாலை வெயில் பட்டால் பிளாஸ்டிக் மாதிரி தெரிகிறது என்று உறுத்தினால் அந்தப் பிள்ளையின் கண் கலைஞருடைய கண். தூரத்தில் கம்பி விட்டுவிட்டு மினுக்குகிறது, வேகம் குறைகிறது என்று உறுத்தினால் அது கணினித் தொழில்நுட்பத்தின் பக்கம். இந்தக் கோபுரம் நிஜத்தில் நிற்காதே, கம்பி இப்படித் தொங்காதே என்று உறுத்தினால் அது பொறியியல். உங்கள் மகளுக்கு உறுத்தியது எது என்று மேலே நான் சொன்னதிலிருந்தே தெரிகிறது அல்லவா? துரு நிறத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. டெக்ஸ்சர், அதாவது மாடலின் மேல் ஒட்டுகிற பரப்புப் படம், சுமார்தான். அதை அவளிடமும் சொன்னேன், சிரித்தாள்.

அதனால் 'கேம் டிசைன்' படிப்பில் இப்போதே சேர்த்துவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அவள் அதை எதிர்பார்த்து வந்திருக்கலாம். அந்தத் துறையில் வேலை இருக்கிறது. சூழலை உருவாக்கும் கலைஞர், கலைக்கும் நிரலுக்கும் நடுவில் பாலமாக இருக்கும் டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட் போன்ற பதவிகள் உண்டு. மாட் செய்து முன்னுக்கு வந்தவர்களும் உண்டு. கவுண்டர்-ஸ்ட்ரைக் 1999இல் வேறொரு விளையாட்டுக்கு ரசிகர்கள் செய்த மாட் ஆகத்தான் பிறந்தது. அடுத்த ஆண்டே வால்வ் நிறுவனம் அதைத் தனி விளையாட்டாக வெளியிட்டது. இவள் விளையாடும் விளையாட்டுக்கே 2016 முதல் மாட் கலைஞர்கள் செய்த கட்டடத் தொகுப்புகளை நிறுவனமே விலைக்கு வெளியிட்டது. ஆனால் அதே துறையில்தான் 2023லும் 2024லும் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். திறமை குறைந்தவர்கள் மட்டும் போனார்கள் என்று நினைக்காதீர்கள். ஒரே கூடையில் எல்லா முட்டையையும் வைக்க நான் எந்தப் பெற்றோருக்கும் சொல்வதில்லை.

ஒரே விளையாட்டை நம்பியிருப்பதும் அப்படித்தான். 2023இல் சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸின் இரண்டாம் பாகம் வந்தது. அதில் உயர் அழுத்தம், தாழ் அழுத்தம் என்று பிரித்து நடுவில் மின்மாற்றி நிலையம் எல்லாம் வைத்தார்கள். உங்கள் மகள் மாதிரியானவர்களுக்கு விருந்து! ஆனால் வெளிவந்தபோது வெளியார் தங்கள் மாடல்களைச் சேர்க்க அதில் வழியில்லை. வெகுநாள் காத்துக் கிடந்தார்கள். கதவைத் திறப்பதும் மூடுவதும் நிறுவனத்தின் கையில். அவள் கையில் இருப்பது பிளெண்டரும், அளவு பார்க்கத் தெரிந்த கண்ணும். அவை எங்கும் செல்லுபடியாகும்.

எங்கும் என்று சும்மா சொல்லவில்லை. மின்தடம் வடிவமைப்பது என்பது உலகம் முழுக்க உள்ள ஒரு தொழில். பாதை பார்ப்பது, ஒவ்வொரு கோபுரத்துக்கும் இடம் குறிப்பது, தொய்வு கணக்கிடுவது, தரையிலிருந்து கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று பார்ப்பது என்று அதில் பல வேலை. இதற்கென்றே பிஎல்எஸ்-கேட் என்ற மென்பொருள் இருக்கிறது. நிலத்தின் முப்பரிமாண மாடலில் கோபுரத்தை நட்டுக் கம்பி இழுத்துப் பார்ப்பார்கள். அதன் திரையைப் பார்த்தால் உங்கள் மகள் அந்நியமாக உணரமாட்டாள். ஒரு வித்தியாசம்தான்: அங்கே காற்றும் வெயிலும் பனியும் கணக்கில் வரும், தப்பானால் கோபுரம் சாயும். பலருக்குத் தெரியாத ஒன்று, மின்கோபுரத்தை வடிவமைப்பது பெரும்பாலும் சிவில் பொறியாளர். அதிலும் கட்டமைப்புப் பிரிவு படித்தவர். மின்பொறியாளர் கம்பி, பீங்கான், இடைவெளி இவற்றைப் பார்ப்பார். இரண்டில் எது என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். கோபுரத்தின் கால் ஏன் அகலம் என்று கேட்டால் சிவில், தட்டு ஏன் இத்தனை என்று கேட்டால் மின்னியல். அவள் இரண்டையும் கேட்கிறாள். இன்னும் சில மாதம் கேட்கட்டும்.

அழகும் பொறியியலும் சேர்ந்த இடமும் இருக்கிறது. பிரிட்டனில் 2011இல் புதிய மின்கோபுரத்துக்கு வடிவமைப்புப் போட்டி வைத்தார்கள். டென்மார்க்கின் பிஸ்ட்ரப் என்ற கட்டடக்கலை நிறுவனம் ஜெயித்தது. பின்னல் இல்லாத ஒற்றைத் தூண், மேலே இரண்டு கை, ஆங்கில 'டி' எழுத்து மாதிரி. உயரம் 35 மீட்டர். பழைய கோபுரத்தைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. முதல் தடத்தில் மின்சாரம் பாய்ந்தது 2023இல். படம் வரைந்ததற்கும் கரண்டு ஓடியதற்கும் நடுவில் பன்னிரண்டு வருடம்! இந்தப் பொறுமை தேவைப்படும் துறை என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். மலையடிவாரத்தில் ஒரு தடம் வரப்போகிறது என்றால், அது எந்த ஊரிலிருந்து எப்படித் தெரியும் என்று முன்கூட்டியே முப்பரிமாணப் படமாகச் செய்து மக்களுக்குக் காட்டுகிற வேலையும் உண்டு. நிலவரைபடத் தகவல் தொழில்நுட்பமும் மாடலிங்கும் தெரிந்தவர்கள் அதைச் செய்கிறார்கள். அவளுடைய அந்த நாலு தெரு நகரம் ஒரு விதத்தில் இதே வேலையின் சின்ன உருவம்தான்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. கணக்கும் இயற்பியலும் அவளுக்கு நடுத்தரமாக இருக்கின்றன என்று மதிப்பெண் பட்டியல் சொல்கிறது. பொறியியல் என்றால் அது போதாது. ஆனால் "கேமை விட்டுவிட்டுக் கணக்குப் போடு" என்று சொன்னால் இரண்டும் போகும். அந்த மூன்று கம்பி மாடலுக்கும் தொய்வை அவளே கணக்குப் போட்டு, மாடலோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பரவளையப் பாடம் அதற்குப் போதும். ராத்திரி ஒரு மணி என்பது மட்டும் கூடாது. அதில் நான் உங்கள் பக்கம். பத்தரைக்கு மூடிவிட வேண்டும் என்று அவளிடமே சொல்லிவிட்டேன், முகம் சுருங்கியது, பரவாயில்லை.

செய்ததையெல்லாம் ஒரு தொகுப்பாக அவள் சேர்த்துவைக்கட்டும். அழகான இறுதிப் படம் மட்டும் வைத்தால் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. எந்தப் புகைப்படத்தைப் பார்த்துச் செய்தாள், எத்தனை முக்கோணம், முதல் முயற்சியில் எது உடைந்தது, ஏன் மாற்றினாள் என்று ஒவ்வொரு கோபுரத்துக்கும் நாலு வரி எழுதட்டும். கல்லூரி நேர்காணலோ வேலையோ, கேட்பவர் அந்த உடைந்த மாடலைத்தான் அதிக நேரம் பார்ப்பார். இன்னொன்று: ஒரு துரு டெக்ஸ்சரை இணையத்தில் எங்கிருந்தோ எடுத்ததாகச் சொன்னாள். அனுமதி இல்லாததை எடுத்து ஒட்டி வெளியிட்டால் பின்னால் வம்பு. தானே கேமராவில் எடுத்த படத்தைப் பயன்படுத்தட்டும். அதற்காக உயர் அழுத்தக் கோபுரத்தின் பக்கத்தில் போய் நிற்க வேண்டாம், வேலியைத் தாண்டவே கூடாது. துருப்பிடித்த எந்தப் பழைய இரும்பும் போதும்.

கடைசியாக, அன்று அவள் காட்டிய ஃபைல்களில் பாதியில் நின்ற ஒரு கோபுரம் இருந்தது. ஒரு தடம் இரண்டாகப் பிரிகிற இடத்துக்கானது. எந்தக் கையில் எந்தக் கம்பி போகும் என்று அவளுக்கே குழப்பம். ஒன்றோடொன்று உரசாமல் மூன்று கம்பியைத் திருப்ப வேண்டுமே. அடுத்த மாதம் வரும்போது அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற மின்பொறியாளர் ஒருவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். நாம் இருவரும் வெளியே உட்கார்ந்துகொள்வோம், அவர்கள் பேசட்டும்.