கரடி மூஞ்சி நாய்க்கு மொட்டை அடிக்கலாமா?

கேள்வி: நிபோங் திபாலுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி 42 ஆடுகள் வைத்திருக்கிறேன். பெரும்பாலும் போயர் ஆட்டுக் கலப்பு. போன வருடம் தெருநாய்கள் புகுந்து மூன்று ஆடுகளைக் கடித்துப் போட்டன. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் மகன், காவலுக்கு என்று இணையத்தில் தேடி, ஆறு வாரக் குட்டி ஒன்றை 4,500 மலேசிய வெள்ளிக்கு வாங்கி வந்தான். திபெத்திய மஸ்டிஃப் ஜாதி நாய் என்று சொன்னார்கள். வந்தபோது பஞ்சு உருண்டை மாதிரி, அசல் கரடிக்குட்டி. இப்போது எட்டு மாதம், 19 கிலோ. 70 கிலோ வரும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். காலை பத்து மணி ஆனால் மூச்சு இரைக்கிறது, சாப்பாட்டைத் தொடுவதில்லை. தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு முடி கொட்டி ஈரப்புண். நாக்கு முழுக்க நாவல்பழம் தின்றதுபோல் கருநீலமாகிவிட்டது, ஏதாவது விஷம் தீண்டியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. ஆடுகளைக் கண்டால் துரத்துகிறது, இல்லாவிட்டால் தூங்குகிறது. நாய்க்கு முடி வெட்டும் கடையில் முழு மொட்டை அடிக்கச் சொல்கிறார்கள். விற்றவர், உஷ்ணம் தாங்க ஒரு பவுடர் இருக்கிறது, 180 வெள்ளி என்கிறார். எதைச் செய்யட்டும்?

பதில்: முதலில் நாக்கு. அது விஷம் இல்லை ஐயா. உங்கள் வீட்டில் இருப்பது திபெத்திய மஸ்டிஃபும் இல்லை. சௌ சௌ என்ற சீன நாய் ஜாதி, அல்லது அந்த ரத்தம் அதிகம் ஓடும் கலப்பு. சௌ சௌ குட்டி பிறக்கும்போது நாக்கு மற்ற குட்டிகளைப் போல இளஞ்சிவப்புதான். எட்டு, பத்து வாரத்தில்தான் கருக்கும். ஆறே வாரத்தில் உங்கள் மகன் கையில் தள்ளிவிட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பின்னங்காலைக் கவனியுங்கள். முழங்கால் அதிகம் மடங்காமல், பொய்க்கால் கட்டியதுபோல் விறைப்பாக நடந்தால் சந்தேகமே வேண்டாம். எடையும் அதைத்தான் சொல்கிறது: உண்மையான மஸ்டிஃப் என்றால் எட்டு மாதத்தில் முப்பது கிலோவைத் தாண்டியிருக்க வேண்டும். உங்களுடையது முழுசாக வளர்ந்தாலும் முப்பதை ஒட்டித்தான் நிற்கும். சீனர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயருக்கு 'உப்பிய சிங்க நாய்' என்று பொருள். நம் கண்ணுக்குக் கரடி.

மொட்டை அடிக்காதீர்கள். ஒருமுறை புக்கிட் மெர்தாஜாமில் ஒருவருடைய சௌ சௌவுக்கு நானே மெஷின் பிடித்து வழித்துவிட்டேன். அவர் கேட்டார், நானும் பாவம் பார்த்தேன். ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தபோதும் முதுகில் முடி திட்டுத் திட்டாகத்தான் இருந்தது. இந்த ஜாதிக்கு மேல்முடி ஒன்று, அடியில் பஞ்சுமுடி ஒன்று என இரண்டு அடுக்கு. ஒட்ட வழித்தால் மேல்முடி பல மாதம் வராமலே போகலாம், வெயில் நேராகத் தோலைச் சுடும். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதும் இல்லை, வழித்த தோலில் காற்றுப் பட்டுக் குளிர்வதற்கு. நாக்கிலும் மூச்சுக்குழாயிலும் ஈரம் ஆவியாகித்தான் சூடு இறங்குகிறது. நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. ஆவியாக இடமில்லாமல் அது இரைத்துக்கொண்டே இருக்கிறது.

செய்ய வேண்டியது அடி அடுக்கைக் குறைப்பது. நீளப் பல் வைத்த இரும்புச் சீப்பால் வாரத்தில் இரண்டு நாள் அந்தப் பஞ்சை வாரி எடுங்கள். முதல் தடவை ஒரு பிளாஸ்டிக் பை நிறைய வரும், பயப்படாதீர்கள். வயிற்றுப் பக்கத்தை மட்டும் குட்டையாக வெட்டலாம். குளிர்ந்த சிமெண்ட் தரை, நிழல், ஒரு மின்விசிறி. வயிற்றையும் பாதங்களையும் நனைத்து விசிறி முன் விடுங்கள். முதுகில் தண்ணீர் ஊற்றிவிட்டு அப்படியே விடாதீர்கள், தொடைப் புண் அப்படி வந்ததாக இருக்கலாம். அடிமுடி நாள் முழுக்க ஈரமாக இருந்தால் தோல் வெந்துபோகும். புண்ணைச் சுற்றி மட்டும் முடியை வெட்டி, குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி கலந்த தண்ணீரால் துடைத்து, நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் காயாவிட்டால் டாக்டர். சாப்பாடு விடியும் முன்பும் இருட்டிய பிறகும்.

பவுடரை வாங்காதீர்கள். மலை நாட்டு நாயை நம் செபராங் பிறை வெயிலுக்கான நாயாக மாற்றும் பவுடர் எந்த டப்பாவிலும் இல்லை.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். வெப்பம் தாக்கிய நாயின் ஈறும் நாக்கும் நிறம் மாறுவதைப் பார்த்துத்தான் ஆபத்தைக் கண்டுபிடிப்போம். இந்த நாய்க்கு ஈறும் கருப்பாகத்தான் இருக்கும், பார்த்து ஒன்றும் தெரியாது. ஆட்டுக்கு வயிற்றுப்புழுவால் ரத்தம் குறைந்திருக்கிறதா என்று கீழ் இமையை இழுத்துப் பார்ப்பீர்களே, அதே கையை இதற்கும் வையுங்கள். உள்பக்கம் செங்கல் சிவப்பாகவோ, வெளுத்தோ இருந்து, நாய் தள்ளாடினால், உடனே குழாய்த் தண்ணீரால் நனைத்து, விசிறி போட்டு, வண்டியில் ஏற்றுங்கள். இமையை இழுக்கும்போது விளிம்பு உள்ளே சுருண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சௌ சௌவுக்கு அது அடிக்கடி வரும், ரோமம் கண்மணியை உரசிக்கொண்டே இருக்கும்.

உங்கள் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். இனி நீங்கள் கேட்காதது.

ஆட்டுக்குக் காவல் வேண்டும் என்று தேடியவர்கள் முகத்தைப் பார்த்து நாய் வாங்கியிருக்கிறீர்கள். கரடி போல் இருந்தால் திருடனும் தெருநாயும் ஓடும் என்ற கணக்கு. முகத்தை நம்பினால் எதுவரை போகும் என்று பாருங்கள். சீனாவில் குன்மிங் பக்கத்தில் ஒரு குடும்பம் 2016-இல் மஸ்டிஃப் குட்டி என்று வாங்கி வளர்த்தது, இரண்டு வருடம் கழித்து ஆசியக் கருங்கரடி என்று தெரிந்தது. தினம் ஒரு பெட்டிப் பழமும் இரண்டு வாளி நூடுல்ஸும் தின்றதாம். சிரிக்க வேண்டாம், 2019-இல் நம் கோலாலம்பூர் தேசா பாண்டானில் ஓர் அடுக்குமாடி வீட்டிலிருந்து வனவிலங்குத் துறை சூரியக்கரடிக் குட்டியைக் கைப்பற்றியது. வைத்திருந்தவர், ராத்திரி சாலையோரம் கிடந்தது, நாய் என்று நினைத்துத் தூக்கி வந்தேன் என்றார். சூரியக்கரடி முழுப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள விலங்கு. ஆகவே, உங்கள் மகன் ஏமாந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கரடி போல் தோன்றும் நாய்களில் மந்தைக் காவல் ஜாதிகள் உண்டுதான். திபெத்திய மஸ்டிஃப், காக்கேசியன் ஷெப்பர்ட் எல்லாம் ஓநாயையும் கரடியையும் எதிர்த்து நிற்க வளர்த்தவை. நியூஃபவுண்ட்லாந்து என்ற ஜாதியோ மீனவர்களின் நாய், தண்ணீரில் விழுந்தவரை இழுக்கும். எல்லாமே குளிர் நாட்டுக் கோட்டுப் போட்டவை. நிபோங் திபாலில் ஓநாய் ஏது? உங்கள் எதிரிகள் மூன்று: கூட்டமாக வரும் தெருநாய், மலைப்பாம்பு, லாரி வைத்திருக்கும் திருடன். மூன்றுக்கும் சண்டைக்காரன் தேவையில்லை. இரவு முழுக்க ஆட்டோடு படுத்து, ஆள் வந்தால் குரைத்து உங்களை எழுப்பும் ஒரு நாய் போதும்.

அப்படி ஒரு நாய் அமைவது ஜாதியில் இல்லை, குட்டியின் எட்டாவது வாரத்தில் இருக்கிறது. இதை நான் முப்பது வருடமாகச் சொல்லி வருகிறேன், கேட்டவர்களை விட சிரித்தவர்கள்தான் அதிகம். நாய்க்குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய மூன்று, நான்கு மாதம் வரை ஒரு ஜன்னல் திறந்திருக்கும். அந்த நாட்களில் யாரோடு தூங்கி, யார் வாசனையில் வளர்கிறதோ அதுவே அதற்குச் சொந்த பந்தம். ஜன்னல் மூடிய பிறகு ஆட்டைக் காட்டினால், ஆடு ஓடுகிற பொம்மை. உங்கள் சௌ சௌ துரத்துவது அதனால்தான், அதன் மேல் தப்பில்லை. அந்த வாரங்களை அது உங்கள் வீட்டு சோபாவில் கழித்திருக்கிறது.

சார்லஸ் டார்வின் 1833-இல் உருகுவே பக்கம் பயணம் செய்தபோது இதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். மிகச் சின்ன வயதிலேயே குட்டியைத் தாயிடமிருந்து எடுத்து, தினம் மூன்று நான்கு தடவை ஒரு தாய் ஆட்டைப் பிடித்துப் பால் ஊட்ட வைப்பார்கள். பட்டிக்குள்ளேயே கம்பளியில் படுக்கை. மற்ற நாயோடு பழக விடமாட்டார்கள். வளர்ந்த பிறகு அந்த நாய் மந்தையை விட்டு நகராது. அவ்வளவு பழைய காலத்துக்குப் போக வேண்டாம் என்றால் அமெரிக்காவின் நவாஹோ பழங்குடி மக்களைப் பாருங்கள். அவர்களுடைய ஆட்டு நாய்கள் பெயர் தெரியாத கலப்பு நாய்கள், நம் கம்போங் (கிராமத்து) நாய் மாதிரி. ஆராய்ச்சிக்காரர்கள் போய்ப் பார்த்தபோது, பட்டியில் பிறந்து பட்டியில் வளர்வதுதான் அவற்றை நல்ல காவல் நாயாக்குகிறது என்று கண்டார்கள்.

எனவே நான் சொல்வது: 4,500 வெள்ளியை மறந்துவிடுங்கள். பக்கத்துக் கம்போங்கில் சாந்தமான தாய் போட்ட குட்டி ஒன்று, ஏழு எட்டு வாரத்தில் எடுங்கள். ஓடுகிற கோழியைப் பார்த்துப் பாயும் தாயின் குட்டி வேண்டாம். குட்டி முடிந்த மட்டும் குட்டை முடி, நடுத்தர உடம்பு. உங்கள் கொட்டகைக்குள் ஒரு மூலையைக் கோழிக்கம்பியால் தடுத்து, ஒரு கிழட்டுப் பெட்டையையும் இரண்டு மறிக்குட்டிகளையும் கூட விடுங்கள். முட்டும் கிடாயை அல்ல, ஒரு உதையில் குட்டி ஆயுளுக்கும் ஆட்டுக்குப் பயப்படும். ஆடு நுழைய முடியாத ஒரு சந்து அதற்கு இருக்கட்டும். சாப்பாடு அங்கேயே. நீங்கள் தினம் தொட்டுத் தடவலாம், டாக்டர் ஊசி போட நிற்க வேண்டுமே. ஆனால் வீட்டுக்குள் கூட்டி வராதீர்கள். பேரப்பிள்ளைகள் அழுவார்கள், அழட்டும்.

ஐந்து மாதத்திலிருந்து பத்து மாதம் வரை பொல்லாத பருவம். நாய்க்குட்டி ஆட்டின் காதைக் கடித்து விளையாடும், வாலைப் பிடித்து இழுக்கும். அந்தக் கணமே அதட்டிப் பிரித்துவிடுங்கள். நான் அனுபவித்தது: என் நாய் கருப்பன் ஏழாவது மாதத்தில் ஓர் ஆட்டுக்குட்டியின் காதைப் பாதி தின்றுவிட்டான். விற்றுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஒன்றரை வயதில் அதே நாய், குட்டி போடும் ஆட்டுக்கு இரண்டடி தள்ளிப் படுத்து விடிய விடியக் காத்தது. ஒன்றரை, இரண்டு வயது ஆகும் வரை பிறந்த ஆட்டுக்குட்டிகளோடு நாயைத் தனியே விடாதீர்கள்.

ஊசி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 2015-இல் பினாங்கில் வெறிநாய்க் கடி நோய் வந்து தெருநாய்களைக் கொல்ல உத்தரவு போட்டபோது எத்தனை வீட்டு நாய்கள் பயத்தில் உள்ளே அடைந்து கிடந்தன என்று நமக்குத் தெரியும். பார்வோ என்ற குடல்நோய்க்கான ஊசி பதினாறு வாரம் வரை தொடர்ச்சியாக, வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில், மாநகர் மன்ற உரிமம் கழுத்தில். ஆட்டை அறுக்கும் நாளில் குடலையும் ஈரலையும் பச்சையாக நாய்க்குப் போடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். ஆட்டு வயிற்றுக் கொப்புளத்தில் இருக்கும் நாடாப்புழு நாய்க்குள் வளர்ந்து, அதன் சாணம் வழியாகத் திரும்ப உங்கள் புல்லுக்கே வரும்.

இன்னொன்று, உங்களுக்குத் தெரிந்ததுதான். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மலாய்க்காரர்கள் ஆடு பார்க்க வருவார்கள். வாங்குபவர் நிற்கும் இடமும் நாய் உலவும் இடமும் வேறாக இருக்கட்டும். ஈரமான நாய் வந்து காலை நக்கினால் அந்த ஆள் அடுத்த வருடம் வரமாட்டார்.

விற்றவரைப் பற்றி. வெளிநாட்டு நாய் என்று சொல்லி விற்பவரிடம் அரசாங்க இறக்குமதி அனுமதியைக் கேளுங்கள். உள்ளூரில் பிறந்தது என்றால் தாய் தகப்பனை நேரில் காட்டச் சொல்லுங்கள், மைக்ரோசிப் எண்ணைக் கேளுங்கள், மலேசிய கென்னல் சங்கச் சான்றைக் கேளுங்கள். நான்கும் இல்லாமல் கைப்பேசியில் நான்கு படம் காட்டி 'கரடி முகம், கடைசி குட்டி' என்பவன் நாய் விற்கவில்லை, பஞ்சு விற்கிறான். சீனாவில் மஸ்டிஃப் மோகம் உச்சத்தில் இருந்தபோது, 2014-இல் ஒன்று 1.2 கோடி யுவானுக்குப் போனதாகச் செய்தி வந்தது. விலை விழுந்ததும் பண்ணைக்காரர்கள் அவிழ்த்துவிட்ட நாய்கள் திபெத் பீடபூமியில் மந்தைகளுக்கே தொல்லையாயின.

இந்த சௌ சௌவை என்ன செய்வது என்றால், தெருவில் விடுவது மட்டும் கூடாது. உங்கள் மகனின் அடுக்குமாடி நிர்வாகம் நாயை அனுமதித்தால் அங்கேயே திருப்பி அனுப்புங்கள். ஏர்கண்டிஷன் அறையில் நாள் முழுக்கத் தூங்கினாலும் அது குறை சொல்லாத ஜாதி. வாங்கியவனே அதன் முடியையும் வாரட்டும்.

உங்கள் கடிதத்தில் நான் தேடியது ஒன்று இல்லை. அந்த மூன்று ஆடுகளும் செத்தபோது எங்கே நின்றன? பரண் கொட்டகைக்குள்ளேயா, மேய்ச்சலிலா? கொட்டகையில் என்றால் அடிப்பக்கம் எவ்வளவு உயரம், சுற்றிலும் கம்பி வலை உண்டா, பலகைக்கு இடையே எத்தனை விரல் இடைவெளி? அதை அளந்து எழுதுங்கள். குட்டி எடுப்பதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.