எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு தூக்கமில்லை, கஞ்சா மிட்டாய் சாப்பிடலாமா?

கேள்வி: "எனக்கு வயது 38. நியூஜெர்சி எடிசனில் இருக்கிறோம். 14 மாதத்துக்கு முன் கேஸ்ட்ரிக் பைபாஸ் செய்துகொண்டேன். 36 கிலோ குறைந்திருக்கிறது, சர்க்கரை மாத்திரையும் நின்றுவிட்டது. ஆனால் தூக்கம் போய்விட்டது. வேலை, பிள்ளைகளின் படிப்பு, ஊருக்குப் போன் எல்லாம் முடிந்து இரவு பத்து மணிக்குத்தான் சாப்பிடுவேன், இரண்டு இட்லி அல்லது கொஞ்சம் தயிர்சாதம். பதினொன்றுக்குப் படுத்தால் ஒரு மணிக்குள் வியர்த்து, நெஞ்சு படபடத்து எழுந்துவிடுகிறேன். அப்புறம் விடியும்வரை மனது எதையாவது போட்டு உழப்பிக்கொண்டே இருக்கிறது. பதற்றத்துக்காக ஐந்து வருடமாகச் செர்ட்ரலைன் 50 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். ஆபீஸ் தோழி கஞ்சா மிட்டாய் கொடுத்தாள். முதல் நாள் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, ஒரு மணி நேரமாகியும் ஒன்றும் தெரியவில்லையே என்று மீதியையும் சாப்பிட்டேன். அன்று இரவு செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். அடுத்த வாரம் கால் துண்டு சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். இங்கே கடையிலேயே விற்கிறார்கள். தொடரலாமா? டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?"

பதில்: இப்போதைக்குத் தொடர வேண்டாம். டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணை முதலில் இழுத்தது மிட்டாய் இல்லை. பத்து மணி இட்லி, ஒரு மணி வியர்வை, ஐந்து வருடமாக மாறாத அந்த 50 மில்லிகிராம். இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் கஞ்சாவைப் பற்றிப் பேச வேண்டும்.

பைபாஸுக்குப் பிறகு உங்கள் இரைப்பை ஒரு கோழிமுட்டை அளவுப் பைதான். அதிலிருந்து உணவு சிறுகுடலின் முதல் பகுதியைத் தொடாமல் நேராக அடுத்த பகுதிக்குள் இறங்குகிறது. இட்லி, சாதம் போன்ற மாவுச்சத்து அங்கே வேகமாகச் சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறும். அதைச் சமாளிக்க உடல் இன்சுலினை அளவுக்கு மீறிக் கொட்டும். சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும். இறங்கும்போது உடல் அட்ரினலினைச் சுரந்து உங்களை உலுக்கி எழுப்புகிறது. வியர்வை, படபடப்பு, கை நடுக்கம், காரணம் தெரியாத பயம் எல்லாம் அதனால் வருபவை. பதற்ற நோயில் வருவதும் இதே மாதிரிதான் இருக்கும். அனுபவிக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. பெரும்பாலும் இது ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் போன பிறகுதான் தலைகாட்டும். உங்களுக்கு 14 மாதம் ஆகிறது. பத்து மணிக்குச் சாப்பிட்டு ஒரு மணிக்குள் எழுந்தால் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

உங்களுக்கு முன்பு சர்க்கரை இருந்ததால் வீட்டில் குளுக்கோமீட்டர் எங்காவது இருக்கும். எடுத்து, ஸ்ட்ரிப் காலாவதியாகிவிட்டதா என்று பார்த்து, தலைமாட்டில் வையுங்கள். முழிப்பு வந்ததும் தண்ணீர் குடிப்பதற்கு முன்பே விரலில் குத்திப் பாருங்கள். சாப்பிட்ட நேரம், சாப்பிட்டது என்ன, எழுந்த நேரம், மீட்டர் காட்டிய எண் நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள், இரண்டு வாரம். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் மாத்திரை எடுத்துக்கொண்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். எண் ஏறியிருந்தால் சிறிது புரதம் சாப்பிடுங்கள், ஏறாவிட்டால் இன்னொரு முறை குளுக்கோஸ். 54-க்குக் கீழே ஒரு தடவை போனாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் மறுநாள் காலையே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். நான் பயப்படுவது இதற்குத்தான்: சர்க்கரை இறங்கும்போது உங்களை எழுப்புகிற அந்தப் படபடப்பு ஒரு காவல். கஞ்சா போட்டு அசந்து தூங்கினால் காவலுக்கு ஆள் இல்லை.

இன்று இரவே மாற்றக்கூடியது சாப்பாட்டு நேரம். ஊருக்குப் பேசுவதற்கு முன் ஏழு, ஏழரைக்குச் சாப்பிட்டுவிடுங்கள். முட்டை, மீன், பனீர், சுண்டல் என்று புரதத்தை முதலில் சாப்பிட்டு, இட்லி கடைசியில் ஒன்று போதும். இதை மட்டுமே மாற்றி இரவு முழிப்பு நின்றுபோனவர்கள் என்னிடம் வந்தவர்களிலேயே உண்டு.

அடுத்தது செர்ட்ரலைன். பைபாஸ் செய்தவர்களின் ரத்தத்தில் இந்த மருந்து, அதே மாத்திரையைச் சாப்பிடும் மற்றவர்களைவிடக் குறைவாக ஏறுவதை ஆய்வில் அளந்து பார்த்திருக்கிறார்கள். குடலின் வழி மாறிவிட்டது, மாத்திரை மாறவில்லை. ஆபரேஷனுக்கு முன் உங்கள் பதற்றத்தைப் பிடித்து வைத்திருந்த 50 மில்லிகிராம் இப்போது முழுதாக உள்ளே போகாமல் இருக்கலாம். எழுதிக் கொடுத்த டாக்டரிடம், "பைபாஸ் ஆகி 14 மாதம் ஆகிறது, டோஸை இதுவரை யாரும் திரும்பப் பார்க்கவில்லை" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

இரும்புச்சத்து குறைந்தால் படுத்ததும் கால் குடைந்து தூக்கம் கெடும், அதைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்லுங்கள். குறட்டைக்கு, மூக்கு வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் மெஷின் வைத்திருந்தீர்கள் என்றால், இவ்வளவு எடை குறைந்த பிறகு அதன் அழுத்தத்தை மாற்ற வேண்டியிருக்கும். காபி மதியத்தோடு சரி.

இனி அந்த மிட்டாய். கஞ்சாவில் போதை தரும் பொருள் டிஎச்சி. புகைத்தால் நிமிடங்களில் மூளைக்குப் போகும். சாப்பிட்டால் குடல் வழியாகக் கல்லீரலுக்குப் போய், அங்கே இன்னும் வீரியமான வேறொரு பொருளாக மாறி ரத்தத்தில் கலக்கும். அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது, பிறகு ஆறு, எட்டு மணி நேரம் விடாது. "ஒன்றும் தெரியவில்லையே" என்று இரண்டாவது பாதியைச் சாப்பிடுவது உலகம் முழுக்க எல்லோரும் செய்யும் தவறு, உங்களை நொந்துகொள்ளாதீர்கள். ஆனால் பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரமும் அளவும் முழு இரைப்பை உள்ளவர்களுக்கானவை. பைபாஸுக்குப் பிறகு ஒரு கிளாஸ் ஒயினே முன்பைவிட வேகமாக, அதிகமாக ஏறும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். கஞ்சா மிட்டாயிலும் பாக்கெட் கணக்கை நம்பி இறங்கக் கூடாது.

பதற்றத்துக்கு இது உதவுமா என்றால், அளவைப் பொறுத்து நேர் எதிராகத் திரும்பும் பொருள் இது. சிகாகோவில் 42 பேரை வைத்துச் செய்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், 7.5 மில்லிகிராம் டிஎச்சி சாப்பிட்டவர்களுக்கு மேடையில் பேசும் சோதனையின் மனஅழுத்தம் தணிந்தது. 12.5 சாப்பிட்டவர்களுக்குக் கூடியது. இடைவெளி வெறும் 5 மில்லிகிராம். கத்தியால் கண் அளவில் நறுக்கிய ஒரு ஜவ்வு மிட்டாயில், வழி மாறிய குடலில், அந்த இடைவெளிக்குள் நிற்க முடியாது. நீங்கள் நன்றாகத் தூங்கிய இரவும் செத்துவிடுவேன் என்று நினைத்த இரவும் ஒரே பாக்கெட்டிலிருந்து வந்தவை.

தூக்கமும் அப்படித்தான். முதல் சில நாள் சீக்கிரம் கண்ணைச் சொருக வைக்கும். தினமும் எடுத்தால் உடல் பழகி, அதே தூக்கத்துக்கு அளவு ஏறிக்கொண்டே போகும். கனவு வரும் உறக்கம் குறையும். நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரம் தூக்கமின்மை, எரிச்சல், பயங்கரக் கனவுகள். அந்த நாட்களில்தான் "இது இல்லாமல் எனக்குத் தூக்கமே வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது கஞ்சாவை விடும்போது வரும் தொல்லை, தானாக அடங்கும்.

பசியைத் தூண்டுவது இன்னொன்று. மூளையில் டிஎச்சி ஒட்டும் அதே இடம்தான் பசியையும் முடுக்குகிறது. அந்த இடத்தை அடைத்தால் எடை குறையுமே என்று ரிமோனபன்ட் என்ற மாத்திரையை ஐரோப்பாவில் 2006-இல் அனுமதித்தார்கள். எடை குறைந்தது. ஆனால் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வந்ததால் 2008-இல் விற்பனையை நிறுத்தினார்கள். பசியும் மனநிலையும் அங்கே அவ்வளவு பின்னிக் கிடக்கின்றன. இரவு பதினொன்றுக்கு மிட்டாய் சாப்பிட்டுவிட்டுப் பன்னிரண்டுக்கு முறுக்கு டப்பாவைத் திறப்பது மன உறுதி குறைந்ததால் இல்லை.

வாந்தியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நீண்ட நாள், அடிக்கடி கஞ்சா எடுப்பவர்களில் சிலருக்கு அடங்காத வாந்தி வரும். 2004-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இதை முதலில் எழுதினார்கள். வினோதமான அடையாளம், சுடுநீரில் குளித்தால் மட்டும் குமட்டல் அடங்கும். நான் பார்த்த ஒருவர் பாய்லரில் தண்ணீர் ஆறும்வரை ஷவருக்கு அடியிலேயே உட்கார்ந்திருப்பார். வீட்டில் ஆபரேஷன் கோளாறு என்றே நினைத்தார்கள். அவர் கஞ்சாவைப் பற்றி வாய் திறக்கவில்லை, நாங்களும் முதலில் கேட்கவில்லை. பைபாஸ் செய்தவர் நாலைந்து நாள் வாந்தி எடுத்தாலே உடலில் தயமின், அதாவது பி1 வைட்டமின், கரைந்துவிடலாம். அந்தக் குறை மூளையைத் தாக்கும். பார்வை இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சில் குழப்பம் வரும். வாந்தி நிற்காவிட்டால் எமர்ஜென்சிக்குப் போய், "பைபாஸ் செய்திருக்கிறேன், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் வேண்டும்" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வரியைக் கணவருக்கும் சொல்லி வையுங்கள்.

"அப்போ சிபிடி?" என்று அடுத்துக் கேட்பீர்கள். அது கஞ்சாவிலேயே இருக்கும் இன்னொரு பொருள், போதை இல்லைதான். ஆனால் பதற்றத்துக்கான ஆய்வுகளில் கொடுத்தது 300 மில்லிகிராம் மாதிரி அளவு, கடைப் பாட்டிலில் ஒரு தடவைக்கு இருப்பது 10, 25. 2017-இல் இணையத்தில் வாங்கிய 84 சிபிடி பொருள்களைச் சோதித்தபோது லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தது மூன்றில் ஒன்றுக்கும் குறைவு, சிலவற்றில் டிஎச்சியும் இருந்தது. கல்லீரல் மருந்துகளைச் செரிக்கும் விதத்தையும் சிபிடி மாற்றும், செர்ட்ரலைன் உட்பட.

புகைப்பது, வேப் இழுப்பது இரண்டும் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். பையும் குடலும் சேர்த்துத் தைத்த இடத்தில் புண் வரும் அபாயம் புகையால் கூடும்.

டாக்டரிடம் சொல்லத் தயக்கம் இருக்கும், புரிகிறது. நம் வீடுகளில் கஞ்சா என்ற சொல்லையே கிசுகிசுப்பாகத்தான் சொல்வோம். ஆனால் எண்டோஸ்கோபிக்கோ தோல் இறுக்கும் ஆபரேஷனுக்கோ மயக்க மருந்து கொடுக்கும்போது, வழக்கமாகக் கஞ்சா எடுப்பவருக்கு அளவே மாறும். தெரியாமல் கொடுப்பது ஆபத்து.

நீங்கள் கேட்காத ஒன்று: எச்-1பி வேலை விசாவிலோ கிரீன் கார்டிலோ இருந்தால் கடையில் விற்பதை நம்பாதீர்கள். நியூஜெர்சியில் 2022 ஏப்ரலிலிருந்து பெரியவர்களுக்கு விற்பனை சட்டப்படி நடக்கிறது, ஆனால் குடியேற்றம் மத்தியச் சட்டத்தின் கீழ் வருகிறது. மாநிலம் அனுமதித்த கஞ்சாவாக இருந்தாலும் குடியுரிமை மனுவை அது பாதிக்கும் என்று குடியேற்றத் துறை 2019-இலேயே தெளிவுபடுத்திவிட்டது. மனு போடுவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசுங்கள். ஊருக்குப் போகும்போது ஹேண்ட்பேக்கின் ஓரத்தில் ஒரு துண்டுகூட இருக்கக் கூடாது. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம், வழியில் துபாயோ சிங்கப்பூரோ என்றால் அங்கே இன்னும் கடுமை. வீட்டில் மீதி மிட்டாய் இருந்தால் பிள்ளைகள் கண்ணில் படும் முன் அப்புறப்படுத்துங்கள். பார்க்க மிட்டாயாகவே இருப்பதால் குழந்தைகள் தின்றுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். அப்படி நடந்தால் விஷ முறிவு ஆலோசனை எண் 1-800-222-1222.

தூக்கத்துக்கு என்னதான் செய்வது? அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாகச் சொன்னது மாத்திரை இல்லை, தூக்கத்தைப் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிபிடி-ஐ என்ற பயிற்சி. சிபிடி எண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பெயர் மட்டும் ஒத்துப்போகிறது. சாரம் எளிது: எப்போது தூங்கினாலும் தினமும் ஒரே நேரத்தில் எழுவது. இருபது நிமிடம் தூக்கம் வராவிட்டால் கட்டிலை விட்டு எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொக்கும்போது மட்டும் திரும்பிப் படுப்பது. போனைக் கூடத்திலேயே விடுவது. முதல் வாரம் முன்பைவிட மோசமாகத் தெரியும், மூன்றாவது நான்காவது வாரத்தில் பிடிபடும்.

இன்னொன்றையும் நேரடியாகக் கேட்கிறேன். மனம் கனக்கும்போது சாப்பாட்டில் ஆறுதல் தேடிய வழி ஆபரேஷனோடு அடைபட்டுவிட்டது. பலர் அந்த இடத்தில் மதுவையோ வேறு எதையோ வைத்துவிடுகிறார்கள், பெரும்பாலும் இரண்டாவது வருடத்தில். நீங்கள் இப்போது இருப்பது இரண்டாவது வருடம். விடியும்வரை உழப்பும் எண்ணங்களில் "நான் இல்லாமல் போனால் நல்லது" என்பது ஒரு தடவை வந்திருந்தாலும் தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள். 988-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், மறுநாள் காலை உங்கள் டாக்டரிடமும் சொல்லுங்கள்.

இரண்டு வாரம் கழித்து நோட்டோடு ஆபரேஷன் குழுவைப் பாருங்கள். சர்க்கரை எண், ஃபெரிட்டின், பி12, செர்ட்ரலைன் டோஸ், மிட்டாய் சாப்பிட்ட இரண்டு இரவுகள் என்று ஐந்தையும் ஒரே நாளில் பேசிவிடுங்கள். மீட்டர் என்ன காட்டியது என்று எனக்கும் எழுதுங்கள்.