படத்தில் தெரிவது ஆவியா, தூசியா?

கேமரா கேள்வி பதில்: இந்த இதழில் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்த கேள்விகள்

கேள்வி: எங்கள் தோட்டத்து முனியாண்டி கோயில் திருவிழாவில் இரவு எடுத்த படத்தில் வெள்ளை வட்டங்கள் மிதக்கின்றன. ஆவி என்று புலன (வாட்ஸ்அப்) குழுவில் பரப்பிவிட்டார்கள். இருட்டினால் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகப் பயப்படுகிறார்கள். உண்மை என்ன?

பதில்: தூசியும் தூறலும்தான். பிள்ளைகளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கைப்பேசியில் ஃபிளாஷ் விளக்கு லென்சுக்குப் பக்கத்திலேயே, ஓரிரு சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. லென்சுக்கு முன்னால் நாலைந்து அங்குலத்தில் மிதக்கும் தூசியில் அந்த வெளிச்சம் முழுப் பலத்தோடு பட்டு, அப்படியே லென்சுக்குத் திரும்பி வரும். அவ்வளவு கிட்டத்தில் இருப்பதைக் கேமராவால் கூர்மையாகக் காட்ட முடியாது. புள்ளி விரிந்து வட்டமாகிவிடும். அந்த வட்டம் தூசியின் வடிவமல்ல, லென்ஸ் துவாரத்தின் வடிவம். பின்னால் நிற்கும் கித்தா (ரப்பர்) மரங்களுக்குப் போய்ச் சேரும் வெளிச்சமோ மிகக் குறைவு. கறுத்த பின்னணியில் வட்டம் பளிச்சென்று தெரிகிறது. திருவிழாக் கூட்டம் கிளப்பிய செம்மண் புழுதி போதும், ஒரு படத்தில் ஐம்பது வட்டம் வரும்.

வீட்டிலேயே செய்து பாருங்கள். இருட்டறையில் பழைய தலையணையை நாலு தட்டுத் தட்டி, ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். அடுத்து ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஒருவர் கைப்பேசியிலிருந்து மூன்றடி பக்கவாட்டில் டார்ச்லைட் பிடிக்க இன்னொரு படம். முதல் படத்தில் வட்டங்கள் மொய்க்கும். இரண்டாவதில் அநேகமாக இருக்காது. இரண்டையும் அதே குழுவில் போடுங்கள். படத்தில் பச்சைப் புள்ளி தெரிந்தால் அது வேறு விஷயம்: கோயில் விளக்கின் ஒளி லென்சுக்குள்ளேயே பட்டுத் தெறிப்பது. படத்தின் நடுப்புள்ளிக்கு நேரெதிர்ப் பக்கத்தில் விளக்கு இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இப்படிப்பட்ட படங்களுக்கு ஆயுள் நீளம். 1917-இல் இங்கிலாந்தின் காட்டிங்லி கிராமத்தில் இரண்டு சிறுமிகள் குட்டித் தேவதைகளோடு படம் எடுத்தார்கள். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கானன் டாயில்கூட அதை நம்பி 1920-இல் பத்திரிகையில் எழுதினார். அட்டையில் வெட்டித் தொப்பி ஊசியால் நிறுத்திய உருவங்கள் என்ற உண்மை அவர்கள் வாயிலிருந்து வந்தது 1983-இல்.

கேள்வி: பத்துமலை முருகன் சிலையும் என் மகனும் ஒரே உயரத்தில் நிற்பதுபோல் எடுக்க ஆசை. எங்கே நிறுத்துவது?

பதில்: சிலையின் உயரம் 42.7 மீட்டர். மகன் 1.5 மீட்டர் என்றால், சிலை ஏறக்குறைய 28 மடங்கு. சிலைக்கும் கேமராவுக்கும் உள்ள தூரத்தை 28-ஆல் வகுங்கள். 100 மீட்டர் தள்ளி நின்றால் மகன் உங்களிடமிருந்து மூன்றரை மீட்டரில் நிற்க வேண்டும். கைப்பேசியைத் தரையோடு தரையாக வையுங்கள். நின்றபடி எடுத்தால் மகனின் பாதம் சிலையின் அடியைவிடக் கீழே இறங்கிவிடும், கண் ஏமாறாது. போர்ட்ரெய்ட் முறையை அணைத்துவிடுங்கள், அது பின்னால் இருக்கும் சிலையை மங்கலாக்கும். இருவர் மேலும் ஒரே வெயில் விழ வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: பிள்ளைக்குச் சுடுகிறதே என்று நிழலில் நிறுத்திவிடுவார்கள்.

கேள்வி: சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவது ஏன்?

பதில்: சினிமா நொடிக்கு 24 படம். 12 ஆரக்கால் உள்ள சக்கரம் நொடிக்குச் சரியாக 2 சுற்றுச் சுற்றினால், ஒவ்வொரு படத்திலும் ஓர் ஆரக்கால் இருந்த இடத்தில் அடுத்தது வந்து நிற்கும். சக்கரம் அசையாததுபோல் தெரியும். வேகம் சற்றுக் குறைந்தால் அடுத்த ஆரக்கால் அந்த இடத்தை எட்டாமல் கொஞ்சம் பின்தங்கி நிற்கும், சக்கரம் பின்னோக்கி ஓடுவதுபோல் தெரியும்.

கேள்வி: தீபாவளிக்கு மத்தாப்பால் காற்றில் பெயர் எழுதிப் படம் எடுப்பது எப்படி?

பதில்: கைப்பேசியை முக்காலியில் பொருத்துங்கள். எல்லாவற்றையும் நாமே அமைக்கும் புரோ முறையில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, ஷட்டர் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) 10 நொடி. தனிக் கேமரா என்றால் துவாரம் எஃப் 8. எழுதுபவர் முகத்தில் டார்ச் அடித்துக் குவியத்தைச் சரிசெய்து, பிறகு கைமுறைக்கு மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் இருட்டில் கேமரா தடுமாறும். விரலால் தொடும் அதிர்வு படத்தில் விழாதிருக்க 2 நொடி டைமர் வையுங்கள். தெருவிளக்கு படும் முன்வாசல் வேண்டாம். பத்து நொடியில் அந்த வெளிச்சமே படத்தை வெளுத்துவிடும். வீட்டுப் பின்புறம் நல்லது.

மத்தாப்பை நடுவில் அணைக்க முடியாது, எழுத்துக்கு எழுத்து கோடு இழுபடும். அதனால் பூ, இதயம் போன்ற ஒரே இழுப்பில் முடிகிற உருவங்களுக்கு மட்டும் மத்தாப்பு. தமிழில் எழுதச் சிறிய டார்ச்சே சரி: ஒவ்வோர் எழுத்து முடிந்ததும் அணைத்து, ஓரடி நகர்ந்து, மறுபடி ஏற்றுங்கள். மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒரு சிமிட்டல் போதும். எழுதுபவர் கறுப்புச் சட்டை போட்டு ஓரிடத்தில் நிற்காமல் அசைந்தால் படத்தில் தெரியமாட்டார். அவர் கேமராவைப் பார்த்தபடி எழுதுவதால் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலம் மாறி விழும். எடுத்த பிறகு ஃபிளிப் செய்துகொள்ளுங்கள். அவரும் படத்தில் தெரிய வேண்டுமானால், கடைசி நொடியில் அசையாமல் நிற்கச் சொல்லி இன்னொருவர் அரை நொடி வெளிச்சம் அடிக்கட்டும். அப்போது எழுத்துப் பொறித்த சட்டை கூடாது, ஃபிளிப் செய்யும்போது அது இடம்வலம் மாறிவிடும்.