ஜெயித்தவர் பெயரே பட்டியலில் இல்லையே: மகளோடு டிரக் பந்தயத்துக்குப் போகும் அப்பாவுக்கு

கேள்வி: ஏழு வருடமாக அமெரிக்காவில் ஷார்லட் நகரில் இருக்கிறோம். ஆபீசில் பாதிப் பேருக்கு நாஸ்கார் என்ற கார் பந்தயத்தில் பைத்தியம். 2025 பிப்ரவரியில் அட்லாண்டாவில் நடந்த பிக்கப் டிரக் பந்தயத்தை டிவியில் பார்த்தோம். கைல் புஷ் ஜெயித்தார். பிறகு புள்ளிப் பட்டியலைத் தேடினால் அவர் பெயரே இல்லை! நடுவில் இரண்டு முறை கொடி காட்டி எல்லோரையும் மெதுவாக்கினார்கள், அதுவும் புரியவில்லை. ஆனால் ஒன்பது வயது மகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, நேரில் போகணும் என்கிறாள். சீசனை எப்படித் தொடர்வது? எங்கே போகலாம், என்ன கொண்டு போகணும்?

பதில்: நீங்கள் பட்டியலைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். நாஸ்காரில் மூன்று தேசியத் தொடர்கள். ஓட்டுநர் எதில் புள்ளி சேர்க்கப் போகிறார் என்று ஒன்றைத்தான் குறித்துக் கொடுக்க வேண்டும். புஷ் குறித்தது மேல்தட்டான கப் தொடரை. டிரக் தொடரில் அவர் விருந்தாளி. கோப்பை, பரிசுப் பணம் எல்லாம் உண்டு, புள்ளி மட்டும் கிடையாது. இத்தனைக்கும் டிரக் வரலாற்றிலேயே அதிக வெற்றி அவருடையதுதான். அதே 2025 மார்ச்சில் ஹோம்ஸ்டெட்டில் ஜெயித்த கைல் லார்சனும் இப்படித்தான். இவர்களே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகக் கூடாது என்று, கப் அனுபவசாலிகள் வருடத்துக்கு இத்தனை டிரக் பந்தயம்தான் ஓட்டலாம் என வரம்பும் உண்டு. விருந்தாளி ஜெயித்தால் இரண்டாவதாக வந்தவருக்கு முதலிடப் புள்ளி கிடைத்துவிடாது, அவருக்கு இரண்டாமிடப் புள்ளிதான்.

அதனால் முதலில் செய்ய வேண்டியது இது: மகளோடு உட்கார்ந்து, சீசன் முழுக்க டிரக் ஓட்டும் ஆட்களில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் 14வது இடத்தில் ஓடினாலும் கண் அவர் மேலேயே இருக்கட்டும். முன்னால் ஓடும் வண்டியை மட்டும் பார்ப்பவர்களுக்கு நாற்பதாவது சுற்றில் கொட்டாவி வந்துவிடும்.

இப்போது அந்தக் கொடி விவகாரம். பந்தயத்தை மூன்று கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் இரண்டு கட்டம் முடியும்போது முதல் பத்து இடங்களுக்கு 10, 9, 8 என்று இறங்கி 1 வரை புள்ளி. பிறகு மஞ்சள் கொடி, எல்லோரும் பிட்டுக்குள், அதாவது தடத்தின் ஓரத்தில் அணிகள் காத்திருக்கும் இடத்துக்குள், போய் டயரும் பெட்ரோலும் போட்டுக்கொள்ளலாம். உண்மையான சூதாட்டம் இங்கேதான். வர்ஜீனியாவில் உள்ள மார்ட்டின்ஸ்வில் தடத்தில் 200 சுற்று, முதல் கட்டம் 50வது சுற்றில் முடிகிறது என்று வையுங்கள். 40வது சுற்றில் யாரோ சுவரில் இடித்து மஞ்சள் கொடி விழுகிறது. உங்கள் மகளின் ஆள் ஒன்பதாவது இடத்தில் இருக்கிறார். பிட்டுக்குப் போகாமல் தாக்குப்பிடித்தால் 2 புள்ளி கையில். ஆனால் 50வது சுற்றில் அவர் டயர் மாற்றப் போகும்போது, முன்பே மாற்றிக்கொண்டவர்கள் வெளியிலேயே இருந்து அவருக்கு முன்னால் போய் நிற்பார்கள். அந்தச் சின்னத் தடத்தில் ஒரு வண்டியைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விடும். 2 புள்ளியா, பத்து இடமா? அணித் தலைவர் இதை அரை நிமிடத்தில் முடிவு செய்தாக வேண்டும்.

புள்ளிக் கணக்கு 2026 முதல் மாறியிருக்கிறது. ஜெயித்தால் 55, இரண்டாமிடத்துக்கு 35, அப்புறம் ஒவ்வொன்றாகக் குறையும். இரண்டு கட்டத்திலும் முதலாவதாக வந்து பந்தயத்தில் இரண்டாவதாக முடித்தவருக்கும் 35, 20 கூட்டினால் 55தான்! நடுக் கட்டங்களைத் தூங்கிக் கழிக்க முடியாது என்பது இதிலேயே தெரியும். சீசனின் கடைசி 7 பந்தயங்களுக்குப் பட்டியலின் முதல் 10 பேர் தகுதி பெறுவார்கள். பட்டியலில் இருந்த இடத்துக்கேற்பக் கொடுக்கும் தொடக்கப் புள்ளியோடு ஏழு பந்தயப் புள்ளியையும் சேர்த்து, அதிகம் யாருக்கோ அவர் சாம்பியன்.

2025 வரை வேறு மாதிரி. படிப்படியாக ஆட்களைக் கழித்து, கடைசியில் நான்கு பேர், ஒரே ஒரு பந்தயம், அந்த நால்வரில் முன்னால் வருபவருக்குப் பட்டம். 2019இல் மேட் கிராஃப்டன் வருடம் முழுக்க ஒரு பந்தயம்கூட ஜெயிக்காமல் சாம்பியன் ஆனார். எதிர்முனையில் 2025இன் கோரி ஹைம். 24 பந்தயத்தில் 11 ஜெயித்து, 1999இல் கிரெக் பிஃபிள் வைத்திருந்த 9 வெற்றி சாதனையை உடைத்துவிட்டு, கடைசிப் பந்தயம் நடந்த ஃபீனிக்ஸுக்கு வந்தவர், அங்கே ஒரு டயர் வெடித்திருந்தால் வெறுங்கையோடு போயிருப்பார். கூடுதல் சுற்றுகள் வரை இழுத்து, ஒருவழியாக 12வது வெற்றியோடு பட்டத்தை வாங்கினார். முறையை மாற்றியது நல்லதுதான் என்பேன். ஆனால் அந்தக் கடைசி இரவின் படபடப்பு இனி வராது என்று ஒரு சின்ன வருத்தம் எனக்கு உண்டு.

வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உருவம்தான் பிக்கப், உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டும் வி8 இன்ஜினும். கதவு திறக்காது, ஜன்னல் வழியாகத்தான் ஏற வேண்டும். சின்னத் தடங்களில் 16 வயதிலேயே ஓட்டலாம் என்று மகளிடம் சொல்லிவையுங்கள். சொல்வதால் வரும் விளைவுக்கு நான் பொறுப்பில்லை.

எங்கே போகலாம்? முதல் முறைக்குப் பெரிய தடம் வேண்டாம். உங்கள் ஊரிலேயே இருக்கும் ஒன்றரை மைல் தடத்தில் வண்டிகள் எதிர்ப்பக்கம் போனால் தீப்பெட்டி அளவுக்குத் தெரியும். என் தேர்வு மார்ட்டின்ஸ்வில். காரில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். சுற்றளவு அரை மைல்தான், காகிதம் செருகும் கிளிப் மாதிரி வடிவம். இருட்டியபின் திருப்பங்களில் பிரேக் தட்டு பழுத்துச் சிவப்பது இருக்கையிலிருந்தே தெரியும். ஜெயித்தவருக்குக் கோப்பைக்குப் பதில் ஆளுயரக் கடிகாரம். மேல் வரிசையில் டிக்கெட் எடுங்கள், கீழே உட்கார்ந்தால் எதிர்ப்பக்கம் மறைந்துவிடும், ரப்பர் துகளும் மேலே வந்து விழும். 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு டிரக் பந்தய டிக்கெட் பல தடங்களில் இலவசம், கேட்டுப் பாருங்கள்.

காது விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றாகக் கிளம்பும்போது சத்தம் நெஞ்சுக்குள் அதிரும். மகளுக்குக் காதை முழுக்க மூடும் குழந்தைகள் அளவு மஃப் வாங்கி, நாலு நாள் முன்பே வீட்டில் மாட்டிப் பழக்குங்கள். அங்கே போய் முதல் முறை மாட்டினால் பத்து நிமிடத்தில் கழற்றிவிடுவாள். உங்களுக்கு நுரை அடைப்பான் போதும். ஸ்கேனர் என்ற ரேடியோக் கருவியை வாடகைக்கு எடுத்தால் ஓட்டுநரும் அணியும் பேசிக்கொள்வதைக் கேட்கலாம். ஆனால் தோற்கும் ஓட்டுநரின் வாயிலிருந்து வரும் சொற்கள் ஒன்பது வயதுக்கு ஆகாது, அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு, துணியாலான சின்னக் கூலர் பையைப் பெரும்பாலான தடங்களில் உள்ளே விடுகிறார்கள். அளவை மட்டும் அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். புளியோதரை தாராளமாகப் போகும். ஆனாலும் மார்ட்டின்ஸ்வில் ஹாட் டாக் ஒன்றாவது வாங்கிக் கொடுங்கள், அந்த ஊருக்கு அதுதான் அடையாளம்.

இன்னொன்று. வெற்றிக் கொண்டாட்டத்தைப் பார்த்ததும் மகளின் நோட்டில் பெயரை எழுதிவிடாதீர்கள். 2025 டேடோனாவில் முதலில் கோட்டைத் தாண்டியவர் பார்க்கர் கிளிகர்மேன். பரிசோதனையில் அவர் வண்டியின் பின்பக்கம் அனுமதித்ததைவிடத் தாழ்ந்திருந்ததால் தகுதி நீக்கம் செய்து, வெற்றியை ஹைமுக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் சொன்ன பன்னிரண்டில் முதலாவது அதுதான். அன்றைக்குப் பென்சில், மறுநாள் பேனா.