கூடங்குளம் உலையின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது, ஏன்?

கேட்டவர் கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: எங்கள் ராமநாதபுரம் வழுதூரில் இருப்பது மாதிரியான எரிவாயு நிலையங்களில் புதியவை 50 சதவீதத்தைத் தாண்டும்போது, அணு உலை மட்டும் ஏன் 33-லேயே நிற்கிறது?

பாம்பனில் விசைப்படகு வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. இன்ஜினைக் குளிர்வித்த கடல்நீர் படகின் பக்கவாட்டுக் குழாயில் கொட்டிக்கொண்டே இருக்கும். சின்ன வயதில் அதில் கை வைத்துப் பார்ப்பேன், வெதுவெதுப்பாக இருக்கும். "டீசல் காசுல பாதிக்கு மேல இப்படியும் புகையாவும்தாண்டா போகுது" என்பார் அப்பா.

உலையிலும் இதேதான். கூடங்குளத்தில் ஓர் உலையின் வெப்பம் 3,000 மெகாவாட், மின்சாரம் 1,000.

எவ்வளவு சூடான நீராவி டர்பைனுக்குப் போகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. உலைக்குள் ஓடும் தண்ணீர் கொதிக்கக் கூடாது என்று காற்றழுத்தத்தைப் போல 150 மடங்குக்கு மேல் அழுத்தி வைக்கிறார்கள். அப்படியும் 320 டிகிரிக்குப் பக்கத்தில்தான் வெளியே வருகிறது. 374 டிகிரியைத் தாண்டினால் எவ்வளவு அழுத்தினாலும் தண்ணீர் தண்ணீராக இருக்காது. அந்த 320 டிகிரித் தண்ணீரின் சூட்டில், தனிக் குழாய்ச் சுற்றில் பிறக்கும் நீராவி சுமார் 275 டிகிரி. டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவியை மறுபடி தண்ணீராக்கும் கண்டென்சர் 40 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 1824-இல் பிரெஞ்சுப் பொறியாளர் கார்னோ சொன்ன கணக்குப்படி 43 சதவீதத்துக்கு மேல் யாராலும் எடுக்க முடியாது. தவிர, இந்த நீராவி சீக்கிரமே ஈரமாகிவிடும். துளிகள் டர்பைன் தகடுகளை அரிக்கும் என்பதால், பாதி வழியில் ஈரத்தைப் பிரித்து, மறுபடி சூடேற்றித்தான் அடுத்த டர்பைனுக்கு விடுகிறார்கள்.

எரிவாயு நிலையத்தில் எரிவாயு எரிந்து வரும் 1,000 டிகிரிக்கு மேலான புகையே நேராக டர்பைனைச் சுற்றும். வெளியேறும் சூட்டில் நீராவி காய்ச்சி இன்னொரு டர்பைனையும் ஓட்டலாம். யுரேனியத்தில் அந்த வசதி இல்லை.

அணுசக்தியிலும் வழி இருக்கிறது. கல்பாக்கத்தின் 500 மெகாவாட் வேக ஈனுலையில் தண்ணீருக்குப் பதில் திரவ சோடியம். அது 547 டிகிரி வரை போவதால் நீராவி 490 டிகிரியில் கிடைக்கும், திறன் 40 சதவீதம். சீனாவின் ஷிடாவ் விரிகுடா உலை ஹீலியத்தை 750 டிகிரிக்குச் சூடாக்குகிறது.

சரி, யுரேனியச் செலவு மொத்தச் செலவில் சின்னப் பங்குதான், அதனால் 33 சதவீதம் நிறுவனத்துக்குப் பெரிய நஷ்டமில்லை. கரையில் இருக்கிற எனக்கு அந்த மீதி 2,000 மெகாவாட்தான் முக்கியம். கடல்நீரை 7 டிகிரி மட்டும் சூடாக்கி அந்த வெப்பத்தை வெளியேற்ற, நொடிக்கு சுமார் 70,000 லிட்டர் வேண்டும். எங்கள் ஊருக்குக் குடிநீர் கொண்டுவரும் 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் கணக்குப் போட்டால், ஒவ்வொரு நொடியும் ஆறு லாரி. மன்னார் வளைகுடாவில் கோடையில் கடல் சூடேறினாலே பவளப்பாறை வெளுத்துவிடுகிறது. எங்கள் கரையில் எந்த அனல், அணு நிலையம் வந்தாலும், மெகாவாட்டுக்கு முன்னால் வெந்நீர்க் குழாய் எந்த இடத்தில் கடலில் இறங்குகிறது என்றுதான் கேட்பேன்.