ஜிமிக்கி விலையைக் குறைக்காதீர்கள்

வணக்கம் சகோதரி. மூன்று நாள் கண்காட்சியில் சுடுமண் நகைக் கடை போட்டும் ஸ்டால் வாடகைகூடத் தேறவில்லை, 250 ரூபாய் ஜிமிக்கியை 150-க்குக் கேட்கிறார்கள், விலையைக் குறைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மண் பிசைந்து, நிழலில் காயவைத்து, சுட்டு, வண்ணம் பூசுவதற்குள் ஒரு வாரம் போய்விடுகிறது. சூட்டில் விரிசல் விட்டவற்றின் செலவும் மிச்சமானவற்றின் தலையில்தான் விழும்.

என் முதல் கண்காட்சியும் இப்படித்தான் போனது. ஒரு அம்மா ஜிமிக்கியை எடுத்துக் காதோரம் வைத்தார், கண்ணாடியைத் தேடினார். என் மேசையில் கண்ணாடி இல்லை. வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாளே முகம் தெரிகிற உயரத்தில் ஒன்றை மாட்டினேன். அப்புறம், ஈர மண் உருண்டையை வைத்துக்கொண்டு அங்கேயே மணி உருட்ட ஆரம்பித்தேன். உருட்டிய மணியில் ஈர்க்குச்சியைச் செருகித் துளை போடுவதை நின்று பார்த்தவர்கள் பேரம் பேசுவது வெகுவாகக் குறைந்தது. குழந்தைகளுக்கு 50 ரூபாய்த் தோடும் கொஞ்சம் வையுங்கள்.

மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைஞர் அடையாள அட்டை, அதாவது பெஹ்சான் அட்டை, வாங்கிவிட்டீர்களா? இல்லையென்றால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். காந்தி சில்ப் பஜார் போன்ற அரசுக் கண்காட்சிகளில் இடம் கேட்க அது வேண்டும்.

தனியார் கண்காட்சி என்றால், பணம் கட்டும் முன் அதே அமைப்பாளர் நடத்தும் வேறொன்றுக்குச் சும்மா போய் நில்லுங்கள். வெளியே வருகிறவர்கள் கையில் பை இருக்கிறதா என்று பாருங்கள்.