வரியை எடுத்தால் துண்டு எங்கே விழும்?

கேள்வி: அமெரிக்காவில் சில மாநிலங்கள் தங்கள் அரசியல் சட்டத்தையே திருத்தி, வரிகளைப் படிப்படியாக ஒழிக்கவும் வரிவிலக்குகளை மறுஆய்வு செய்யவும் முயல்வதாகப் படித்தேன். தமிழ்நாடும் அவ்வாறு செய்ய இயலுமா?
(வாசகர், பாலக்கோடு)

பதில்: அந்த வழியில் இயலாது. அமெரிக்க மாநிலங்கள் ஒவ்வொன்றுக்கும் தனி அரசியல் சட்டம் உண்டு; தமிழ்நாட்டுக்கு இல்லை. நம் மாநிலத்தின் வரி அதிகாரத்தை இந்திய அரசியல் சட்டத்தின் 7-வது அட்டவணை வகுத்திருக்கிறது. அதைத் திருத்த நாடாளுமன்றத்தின் சிறப்புப் பெரும்பான்மையுடன், மாநிலச் சட்டமன்றங்களில் குறைந்தது பாதியின் ஒப்புதலும் வேண்டும். ஆனால் பெட்ரோல், டீசல் மீதான மதிப்புக் கூட்டு வரியையோ வாகன வரியையோ குறைக்க அரசியல் சட்டத்தைத் தொடவே தேவையில்லை. மாநில அரசு மனம் வைத்தால் போதும். ஜி.எஸ்.டி.யை மட்டும் தனித்து மாற்ற முடியாது.

அங்கேயும் வாக்காளர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிப்பதில்லை. சொத்து மதிப்பின் மீதான வரியை ஒழிக்கும் திருத்தத்தை வடக்கு டகோட்டா 2024-இலும், வருமான வரியின் உச்சவரம்பைக் குறைத்து விலக்குகளையும் மாற்றியமைக்கும் திருத்தத்தை லூசியானா 2025 மார்ச்சிலும் நிராகரித்தன. 2019-இல் தனிநபர் வருமான வரிக்கே தடை விதித்த டெக்சாஸ், அந்த வரியை அதற்கு முன்பும் வசூலித்ததில்லை. இழக்க ஒன்றும் இல்லாதபோது கை தூக்குவது எளிது.

இழப்பை யார் ஈடுகட்டுவது என்பதற்கு உங்கள் மண்ணிலேயே சான்று இருக்கிறது. 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு முதலில் நடைமுறைக்கு வந்தது சேலம் மாவட்டத்தில்; இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள்தான் இருந்தன. மது வருவாய் நின்றதால் விழுந்த துண்டை ஈடுகட்ட ராஜாஜி அரசு 1939-இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. இந்தியாவின் முதல் பொது விற்பனை வரி அதுவே. கள்ளுக்கடைப் பக்கமே போகாத குடும்பமும் தான் வாங்கிய பொருளின் விலையோடு சேர்த்து அதைச் சுமந்தது. 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டபோதோ, விற்பனை வரி போகவில்லை.

கேள்வி: மாம்பழத்துக்கு வரி இல்லை, மாங்கூழுக்கு மட்டும் ஏன்?
(வாசகர், காவேரிப்பட்டணம்)

பதில்: பழம் விளைபொருள், கூழ் பதப்படுத்திய பொருள் என்பதே காரணம். கூழுக்கு 12 சதவீதம் என்று ஜி.எஸ்.டி. கவுன்சில் 2022-இல் தெளிவுபடுத்தியது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம். ஆயினும் விலக்கு என்றால் வரியே இல்லை என்று பொருளல்ல. கூழ் ஆலை, டின்னுக்கும் பைகளுக்கும் கட்டிய வரியைத் தான் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். பழத்துக்கு வரி இல்லாததால், தோட்டக்காரர் பூச்சிமருந்துக்குக் கட்டிய வரியைக் கழிக்க வழியில்லை, அது அவர் செலவிலேயே தங்கிவிடுகிறது. விலக்குகளை மறுஆய்வு செய்வோர் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு இதுதான்.